கிழங்கு ஏன் கசக்கிறது, முள்ளங்கி ஏன் சுடுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பாத்தி இருக்கிறது. கிழங்கு, கரட், முள்ளங்கி, ஓரத்தில் கொஞ்சம் பீட்ரூட். உயிரியலும் மரக்கறியும் ஒரே வீட்டில் இருப்பதால், பக்கத்து லயத்து அக்காமார் முதல் லொறியில் மூட்டை ஏற்றும் தம்பிமார் வரை என்னிடம் வந்து ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். வெறுமனே 'கிழங்கு' என்று வந்தால் உருளைக்கிழங்கு. நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம்.

பூச்சி கடிச்சா கெழங்குக்குத் தெரியவா போகுது டீச்சர்? அதுக்கென்ன மூளையா இருக்கு?

மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. ஆனாலும் தெரியும். புழு ஒரு வாய் கடித்ததும் அந்த இடத்துக் கலங்கள் உடைந்து, உள்ளே இருந்தவை கசிகின்றன. இருக்கக் கூடாத இடத்தில் அந்தக் கசிவு இருப்பதே பக்கத்துக் கலங்களுக்குச் செய்தி. உடனே அவை ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஓமோனை உண்டாக்குகின்றன. அது சேர்ந்த இடங்களில் அதுவரை சும்மா கிடந்த பரம்பரை அலகுகள் வேலையைத் தொடங்கி, சில மணி நேரத்தில் கசப்பும் காரமும் வேறு தடைப் பொருட்களும் கூடத் தொடங்குகின்றன.

இதைத் தெளிவாகக் காட்டியது 1972ல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ரயன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாவும் கிழங்கு, தக்காளிச் செடிகளில் கொலராடோ வண்டு கடித்த பிறகு இலைகளைச் சோதித்தார்கள். கடிபடாத இலையிலும் ஒருவகைப் புரதம் சேர்ந்திருந்தது. அந்தப் புரதம் பூச்சியின் குடலில் சமிபாட்டு நொதியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். பூச்சி வயிறு நிறையத் தின்னும், ஆனால் தின்றது உடம்பில் ஒட்டாது. 'ஓர் இலை கடிபட்டது' என்ற செய்தியைத் தக்காளியில் கிளப்பிவிடும் சிஸ்டமின் என்ற சின்னப் பொருளை 1991ல் கண்டுபிடித்தார்கள். வெறும் 18 அமினோ அமிலங்கள்தான். இவ்வளவு சின்னப் பொருளை வைத்து ஒரு செடி தன் உடம்பு முழுவதையும் எச்சரித்துவிடுகிறது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

முள்ளு குத்தும்போது நாங்களும்தான் கெழங்கக் காயப்படுத்துறோம். புழு கடிச்சதும் அதுவும் ஒன்னா?

பாதி ஒன்று, பாதி வேறு. கிழங்கு தோண்டும் முள்ளுப் பட்ட காயத்துக்கும் மேலே சொன்ன ஓமோன் வரும். ஆனால் புழு கடிக்கும்போது அதன் எச்சிலும் காயத்தில் படுகிறது. பீட் செடியைத் தின்னும் ஒரு படைப்புழுவின் எச்சிலிலிருந்து வோலிசிட்டின் என்ற பொருளை 1997ல் பிரித்தெடுத்தார்கள். அதைச் சோளச் செடியின் காயத்தில் தடவியதும், புழு கடித்தால் வரும் அதே மணத்தை வெளியிட்டது. வெறும் கத்திக் காயத்துக்கு அப்படி மணக்கவில்லை.

முள்ளுப் பட்ட கிழங்கு ஒன்றை மூட்டையில் போடாமல், காற்றோட்டமான இருட்டு மூலையில் பத்து நாள் வைத்துப் பாருங்கள். ஈரமாகப் பளபளத்த வெள்ளைக் காயம் மங்கி, மேலே மெல்லிசாகப் பழுப்புத் தோல் கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் தக்கை போல இருக்கும். சூபரின் என்பது அதன் பெயர். கிழங்கே போட்டுக்கொண்ட கட்டு அது. தோண்டிய அன்றே ஈரத்தோடு மூட்டை கட்டினால் அந்தக் கட்டுப் போட நேரம் கிடைக்காது, அழுகல் முந்திக்கொள்ளும்.

முள்ளங்கி ஏன் சில நேரம் தண்ணி மாதிரி இருக்கு, சில நேரம் மூக்குல ஏறுது?

சந்தையில் ராபு என்று கூவி விற்கும் முள்ளங்கியில் இரண்டு பொருட்கள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. ஒன்று குளுக்கோசினோலேட்டு. மற்றது மைரோசினேசு என்ற நொதியம். பல்லோ புழுவின் தாடையோ பட்டு அறைச் சுவர் உடைந்ததும் இரண்டும் கலந்து காரமான கடுகெண்ணெய்ப் பொருள் உண்டாகிறது. ஒரு துண்டை வாயில் போட்டுக் கவனியுங்கள். முதல் கடியில் இனிப்பும் தண்ணீரும்தான் தெரியும். ஒன்றிரண்டு நொடி கழித்தே காரம் ஏறும். அந்த இடைவெளியில்தான் உங்கள் வாய்க்குள் அந்தக் கலப்பு நடக்கிறது. முழுசாக அவித்துவிட்டுக் கடித்தால் காரம் வராது, ஏனென்றால் நொதியம் சூட்டில் செத்துவிடும்.

இது எப்போதும் தயாராக இருக்கும் ஆயுதம். பூச்சி வந்தால் செடி இதைக் கூட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் கோவா (முட்டைக்கோஸ்) குடும்ப வேர்களைத் தின்னும் ஓர் ஈயின் குடம்பி, அதாவது புழுப்பருவம், இருக்கிறது. அது கடித்த டர்னிப் போன்ற வேர்களில் இந்தோல் வகைக் குளுக்கோசினோலேட்டு ஏறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறார்கள். அதோடு வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் காரத்தைக் கூட்டும். அதனால் ஒரு முள்ளங்கி சுட்டால் புழு கடித்ததுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். மார்ச் மாத வெயில் ஒன்றே போதும்.

அந்தக் காரம் வயித்துக்குக் கெடுதலா?

நாம் சாப்பிடும் அளவுக்கு இல்லை. கடுகிலும் கோவாவிலும் இருப்பது இதே குடும்பம்தான்.

கெழங்குல பச்சை இருந்தா வெட்டிட்டுச் சமைக்கலாமா?

கொஞ்சமாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் தடிப்பாக வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். பாதிக் கிழங்கு பச்சை, கூடவே முளையும் விட்டிருக்கிறது என்றால் முழுசாக எறியுங்கள். பச்சை நிறம் வெறும் பச்சையம்தான், அது விஷமில்லை. ஆனால் பச்சையத்தை வரவைத்த அதே வெளிச்சம் சொலனின், சக்கோனின் என்ற இரண்டு கசப்புப் பொருட்களையும் கூட்டுகிறது. பூச்சியையும் பங்கசையும் விரட்ட கிழங்கு வைத்திருப்பவை இவை. தோலிலும் கண்ணிலும் முளையிலும்தான் அதிகம்.

ஒரு கிலோ கிழங்கில் 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட எல்லை. அதைத் தாண்டுவதற்கு முன்பே நாக்கில் கசப்புத் தெரிந்துவிடும். 1979ல் வெளியான ஓர் அறிக்கையின்படி, லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் முந்தைய தவணையிலிருந்து மிஞ்சிக் கிடந்த ஒரு மூட்டைக் கிழங்கைச் சமைத்துக் கொடுத்து 78 பையன்கள் வாந்தி, வயிற்றோட்டம் என்று விழுந்தார்கள். எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். கசக்கும் கிழங்கை 'வீணாகப் போகுதே' என்று பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். இதை மட்டும் நான் கெஞ்சியே கேட்பேன்.

நல்லா அவிச்சா எல்லாம் போயிடாதா?

முள்ளங்கிக் காரம் போகும், அதை மேலே சொன்னேன். கிழங்குக் கசப்பு போகாது. கொதிக்கும் தண்ணீர் சொலனினை அழிக்காது. தோலைச் சீவுவதுதான் பலன் தரும், அதில் பெரும் பங்கு வெளிப்பக்கத்துச் சில மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. அந்தீஸ் மலைக்காரர்கள் கசப்புக் கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, மிதித்துத் தண்ணீரை வெளியேற்றிக் காயவைப்பார்கள். சில இடங்களில் களிமண் குழம்பில் தோய்த்தும் சாப்பிடுவார்கள், கசப்புப் பொருளைக் களிமண் பிடித்துக்கொள்ளும். கிழங்கின் தாய்வீட்டுக்காரர்களே இவ்வளவு மெனக்கெட்டார்கள்.

புழு தொளைச்ச கெழங்கு? ஓட்டைய மட்டும் நோண்டி எடுத்தா சரிதானே?

நம் பக்கத்தில் சேமித்த கிழங்கைத் துளைப்பது பெரும்பாலும் கிழங்கு அந்தின் குடம்பி. கண்ணுக்குப் பக்கத்தில் கறுப்பாகப் பொடிப்பொடியாக எச்சம் தள்ளியிருந்தால் அதுதான். காயம் பட்ட இழையத்தில் சொலனின் கூடும். ஆகவே ஓட்டையைச் சுற்றி விரல் தடிப்புக்கு வெட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு சின்னத் துண்டை அவித்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் வேண்டாம், கசக்காவிட்டால் சமையுங்கள்.

கிழங்கு அந்து வெளியே தெரியும் கிழங்கில்தான் இலகுவாக முட்டையிடும். நேரத்துக்கு மண் அணைத்தால் பச்சையும் வராது, புழுவும் குறையும். ஒரே வேலை, இரண்டு பலன்.

கரட் ஏன் கசக்குது? கடைக்காரர் பழசுன்னு குடுத்துட்டாரா?

பழசாக இருக்க வேண்டியதில்லை. கரட்டில் ஃபால்கரினொல், ஃபால்கரின்டையொல் என்று பூச்சிக்கும் பங்கசுக்கும் எதிரான பொருட்கள் இயல்பாகவே இருக்கின்றன. இரண்டாவது கசக்கும். இது போக, கரட் அடிபட்டாலோ எத்திலீன் வாயு பட்டாலோ மெத்தொக்சிமெலீன் என்ற இன்னொரு கசப்புப் பொருளை உண்டாக்கும். அந்த எத்திலீனை வெளிவிடுவது பழுக்கும் வாழையும் அப்பிளும்.

இப்போது நம் கரட்டின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். பிடுங்கி, தொட்டியில் போட்டு உருட்டிக் கழுவி, மூட்டை கட்டி, லொறியில் வளைவுக்கு வளைவு குலுங்கி, கடைசியில் கடையில் வாழைக்குலைக்குக் கீழே போய் உட்காருகிறது. கரட்டுக்கு இது ஒரு பெரிய பூச்சித் தாக்குதல் மாதிரிதான். குலுக்கி அடித்த கரட்டில் எத்திலீனும் கசப்பும் கூடுவதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். வீட்டில் கரட்டையும் பழத்தையும் தள்ளி வையுங்கள். கழுவிய கரட்டைவிட மண்ணோடு கிடைப்பதை வாங்குவது என் விருப்பம்.

கரட் மேல் பக்கம் பச்சையா இருந்தா அதுவும் விஷமா?

இல்லை. மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் வெயில் பட்டிருக்கிறது. கொஞ்சம் கசக்கும், வெட்டிவிட்டால் போதும். கிழங்குக்குச் சொன்ன பயத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

வண்டு குத்துன வத்தாளக்கெழங்க நாங்க சாப்பிடுறதில்ல, மாட்டுக்குத்தான் போடுறோம். பரவாயில்லதானே?

போடாதீர்கள். வத்தாளங்கிழங்கில் (சர்க்கரைவள்ளியில்) நீளமூக்கு வண்டின் புழு நுழைந்ததும் கிழங்கு இப்போமியமரோன் என்ற பொருளை உண்டாக்குகிறது. நல்ல கிழங்கில் அது கிட்டத்தட்ட இருக்காது. கடிபட்ட பிறகு வருவது. அதனால்தான் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் சுற்றியுள்ள சதை கசந்து ஒரு மாதிரி மணக்கிறது. அவித்தாலும் அது போகாது.

அதே காயத்தில் பூஞ்சணம் பிடித்தால் ஆபத்து இன்னும் பெரியது. சில பங்கசுகள் கிழங்கு உண்டாக்கிய பொருளை மாற்றி, நுரையீரலைத் தாக்கும் இன்னொன்றாக ஆக்கிவிடும். பூஞ்சணம் பிடித்த வத்தாளை தின்று மூச்சு முட்டி மாடுகள் செத்தது வெளிநாடுகளில் பல தடவை நடந்திருக்கிறது. பால்மாடு உள்ள வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். மேலோட்டமாகப் போட்டால் வண்டு திரும்பி வரும்.

மரவள்ளிக் கெழங்கோட இஞ்சி சேத்தா விஷமாமே, உண்மையா?

விஷத்துக்கான சரக்கு மரவள்ளிக்குள் இருக்கிறது. லினமரின் என்ற பொருளும் அதை உடைக்கும் நொதியமும், முள்ளங்கியில் பார்த்த மாதிரியே, தனித்தனியாக இருக்கின்றன. கடித்தாலோ துருவினாலோ இரண்டும் சேர்ந்து ஐதரசன் சயனைட்டு வரும். தென் அமெரிக்காவில் மண்ணுக்குள் வாழ்ந்து மரவள்ளி வேரைக் குத்தி உறிஞ்சும் ஒரு பூச்சி, இது குறைவான இனிப்பு ரகங்களைத்தான் அதிகம் கெடுக்கிறது. கசப்பு ரகங்களை அவ்வளவாகத் தொடுவதில்லை.

ஆகவே கவனம் இஞ்சியில் அல்ல, சமைக்கும் விதத்தில் இருக்க வேண்டும். தோலைத் தடிப்பாக உரித்து, சின்னத் துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில், மூடாத சட்டியில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். ஐதரசன் சயனைட்டு ஏறத்தாழ 26 பாகையிலேயே ஆவியாகும், மூடினால் போக வழி இல்லை. பெரியவர்கள் சொன்னபடி இஞ்சியைத் தவிர்க்க விரும்பினால் தவிர்த்துக்கொள்ளுங்கள், அதில் நட்டமில்லை. ஆனால் இஞ்சி போடவில்லை என்ற தைரியத்தில் அரைவேக்காட்டில் இறக்காதீர்கள்.

தோண்டி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடுவது வேறு விஷயம். காயம் பட்டதால் மரவள்ளி உண்டாக்கும் ஸ்கோபொலெட்டின் என்ற பொருள் காற்றுப்பட்டு நிறம் மாறுவது அது. அப்படிப்பட்டதை நான் சமைப்பதில்லை.

பூச்சி எலையத்தானே திங்குது, கெழங்குக்கு என்ன வந்துச்சு?

முதல் பதிலில் சொன்ன செய்தி கீழேயும் போகும். கொலராடோ வண்டு இலையைத் தின்ற செடிகளின் கிழங்கில் சொலனின் வகைப் பொருட்கள் கூடியிருந்ததை 1994ல் வந்த ஆய்வு காட்டியது. அந்த வண்டு நம் நாட்டில் இல்லை. ஆனால் மேலே நடப்பது கீழே தெரியும் என்பதை வேறு செடிகளிலும் பார்க்கலாம். புகையிலை இன்னும் நல்ல உதாரணம். இலையைப் புழு தின்னும், நிக்கொட்டினை வேர் செய்து மேலே அனுப்பும்.

பக்கத்துச் செடிக்கும் சொல்லுமா?

சில சொல்லும். தாய்வானின் ஒரு வத்தாளை ரகம் கடிபட்டதும் ஒரு மணத்தை வெளிவிடுகிறது. அதை உணர்ந்த பக்கத்துக் கொடி, தன்மேல் புழு ஏறுவதற்கு முன்பே ஸ்போரமின் என்ற சமிபாட்டைக் கெடுக்கும் புரதத்தைச் சேர்த்து வைக்கிறது. 2019ல் இது வெளியானது. இன்னொரு ரகத்துக்கு இந்தத் திறமை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சோள வேரின் கதை. வேரை வண்டுப் புழு கடித்ததும் அது கரியோஃபிலீன் என்ற மணத்தை மண்ணுக்குள் பரப்பும். அதை மோப்பம் பிடித்து, புழுவைக் கொல்லும் நுண்ணிய நெமட்டோட்டுகள் (நூல் போன்ற புழுக்கள்) வந்து சேரும். 2005ல் கண்டுபிடித்தார்கள். அந்த மணம் உங்களுக்கும் தெரியும், மாத்தளை மிளகிலும் கராம்பிலும் இருப்பது அதே பொருள்தான். அமெரிக்காவில் விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்த பல சோள ரகங்கள் இந்தக் கூப்பிடும் திறனை இழந்துவிட்டன.

நெமட்டோட் நல்லதா? எங்க கெழங்குத் தோட்டத்தையே அதுதானே அழிக்குது?

அது வேறு இனம். நுவரெலியாப் பக்கத்து மண்ணில் இருக்கும் மஞ்சள் கூட்டு நெமட்டோட் கிழங்கின் எதிரி. அதன் முட்டைக் கூடு மண்ணில் பல வருடம் சும்மா கிடக்கும். கிழங்கு வேர் தன் வேலைக்காகக் கசியவிடும் பொருள் பட்டதும்தான் முட்டை பெருமளவில் பொரிக்கும். செடி வெளிவிடும் பொருளையே எதிரி அழைப்பிதழாக எடுத்துக்கொள்கிறது. கிழங்குக்குப் பிறகு கிழங்கே போடாமல் கரட், லீக்ஸ், கோவா என்று மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

கோவாவுல இவ்வளவு காரம் இருக்குன்னா புழு எப்பிடிச் சல்லடையாக்குது?

அந்தச் சின்னப் பச்சைப் புழு வைரமுதுகு அந்தின் குடம்பி. குளுக்கோசினோலேட்டு காரமாக மாறுவதற்கு முன்பே அதைச் செயலிழக்கச் செய்யும் நொதியம் அதன் குடலில் இருக்கிறது. 2002ல் இதை நிரூபித்தார்கள். அதற்கு மேல், தாய் அந்து அந்தக் கடுகு மணத்தை வைத்தே கோவாவைத் தேடிப் பிடிக்கிறது. எந்தத் தற்காப்பும் எல்லாப் பூச்சிக்கும் பொருந்தாது. செடி ஒன்று செய்ய, பூச்சி ஒன்று செய்ய, இந்தப் போட்டி முடிவதே இல்லை.

பூச்சி கடிச்சா வெளைச்சல் கொறையத்தானே செய்யும்?

பெரும்பாலும் ஆமாம். தற்காப்புக்குச் செலவாகும் சீனியும் நைதரசனும் கிழங்கு பருப்பதற்குப் போகாது. ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். கொலம்பியாவின் ஒரு கிழங்கு ரகத்தில், ஒரு வகை அந்துப் புழு சில கிழங்குகளை மட்டும் தாக்கியபோது செடி மற்றக் கிழங்குகளைப் பெருக்கச் செய்து மொத்த விளைச்சலைக் கூட்டியது. புழுவின் எச்சில்தான் தூண்டுதல். இதை 2010ல் வெளியிட்டார்கள். வேறு ரகத்தில், வேறு புழுவில் இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து நம் பாத்தியைப் புழுவுக்கு விட்டுவிட முடியாது.

அப்ப மருந்து அடிக்காம வளத்தா கெழங்குல விஷம் கூடிடுமே?

கொஞ்சம் கூடலாம். ஆனால் கேள்வியின் பின்னால் இருக்கும் 'அதனால் மருந்தே நல்லது' என்ற முடிவை நான் ஏற்கவில்லை. ரகம், வெளிச்சம், காயம், சேமிப்பு ஆகியவை ஒரு கிழங்கின் கசப்பை மாற்றும் அளவு மிகப் பெரியது. அது நம் கையில் இருக்கிறது. கசப்பை நாக்கு கண்டுபிடிக்கும். பீடைநாசினி மிச்சத்தை நாக்கு கண்டுபிடிக்காது. அதை அடிப்பவர் பெரும்பாலும் முகமூடி இல்லாமல் தோளில் தாங்கியைக் கட்டிக்கொண்டு நிற்கும் நம் வீட்டு ஆள். 2021ல் இரசாயன வளமாக்கி, பீடைநாசினி இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது பட்ட பாடும் நமக்கு மறக்காது, ஆகவே ஒரே நாளில் விடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். புழுவைப் பார்த்த பிறகு அடியுங்கள், பயத்தில் அடிக்காதீர்கள். கடைசி மருந்துக்கும் பிடுங்கும் நாளுக்கும் இடையில் போத்தலில் போட்டிருக்கும் இடைவெளியை விடுங்கள்.

பூச்சியே தொடாத அளவுக்குக் கசப்பான ரகம் கண்டுபிடிச்சா முடிஞ்சுதே?

அமெரிக்காவில் ஏறக்குறைய அப்படி ஒன்று வந்தது. லெனாப்பே என்ற கிழங்கு ரகம், 1967ல் வெளியிட்டார்கள். நோயைத் தாங்கும், பொரித்தால் அருமையான நிறம். காட்டுக் கிழங்கோடு கலந்து உருவாக்கியதால் அதன் கசப்புப் பொருளும் கூடவே வந்துவிட்டது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போக, 1970ல் திரும்பப் பெற்றார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் இப்போது தேடுவது வேறு. கசப்பு இலையிலும் வேரிலும் இருக்க வேண்டும், கிழங்கில் கூடாது. இல்லாவிட்டால், பூச்சி வரும்போது மட்டும் ஏறி, போனதும் இறங்க வேண்டும். அது வரும் வரைக்கும் என் வீட்டில் சாக்குப் போட்டு மூடிய இருட்டு மூலையில்தான் கிழங்கு கிடக்கும். வாரம் ஒரு தடவை மூட்டையைக் கவிழ்த்து, பச்சை, முளை, ஓட்டை மூன்றையும் பார்த்து ஒதுக்குவேன். பத்து நிமிட வேலை.